பூட்டிய பிறிட்ஜில் இரண்டு பேனை குறைவு

வியாழக்கிழமை காலை எட்டே முக்கால். டொக்டர் நுஸ்லா ரொறன்ரோவில் இருக்கும் தன் கிளினிக்கின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது களவு நடந்து முடிந்திருந்தது, கள்ளனும் பிடிபட்டிருந்தான், தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. அவள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு "சரி" என்று தலையாட்டுவது மட்டும்தான்.

அந்தச் 'சரி'தான் அவளுக்கு வரவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த மஃரூப் ஹாஜியாரின் மகள் அவள். முதலில் சொன்ன விலைக்கே ஒரு துணி கைமாறினால், விற்றவனோ வாங்கினவனோ ஒருவன் துணியை விரித்துப் பார்க்கவில்லை என்பது வாப்பாவின் கட்சி. குற்றச்சாட்டும் அவளுக்கு ஒரு விலைதான். சொன்ன விலையை வாயைப் பொத்திக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

நடந்தது இதுதான். கிளினிக்கின் பின்னறையில் பூட்டுப் போட்ட மருந்துப் பிறிட்ஜ் ஒன்று இருந்தது. தடுப்பூசிகளோடு, வீட்டில் பிறிட்ஜ் இல்லாத நோயாளிகளுக்காக இன்சுலின் பேனைகளும் அதில் இருந்தன. பேனை என்றால் எழுதுகிற பேனை அல்ல. பேனை வடிவத்தில் மருந்து அடைத்த ஊசி. வரவேற்பு மேசையில் இருக்கும் ரம்ஸியா காலையும் மாலையும் பிறிட்ஜைத் திறந்து குளிரைச் சரிபார்ப்பாள். நேற்று மாலை சாப்பாட்டுக்கு முன் போடுகிற இன்சுலின் ஐந்து பேனை இருந்தது. இன்று காலை மூன்று. பிறிட்ஜ் பூட்டியபடி. சாவி, மளிகைக்கடைக் கலண்டருக்குப் பின்னால் அதன் ஆணியில் தொங்கியபடி.

ரம்ஸியா போட்ட சத்தத்துக்கு ஓடி வந்தவன் நிசாந்தன், கிளினிக் இருந்த கடைத்தொகுதியின், அந்தப் பிளாசாவின், மனேச்சர். இடுப்பில் சாவிக்கொத்து, காதில் போன், நெஞ்சு நிறைய அதிகாரம். வந்தவன் பிறிட்ஜைப் பார்க்கவில்லை. நேரே காத்திருக்கும் அறையில் ஹீற்றருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரியோவிடம் போனான். அவனுடைய பையை வாங்கிக் கவிழ்த்தான். சாக்ஸ், ரேடியோ, கோப்பிக்கடைச் சீனிப் பொட்டலங்கள் ஒரு கைப்பிடி. கடைசியாக ஓர் இன்சுலின் பேனை.

"இதில யோசிக்க ஒண்டுமில்லை, டொக்டர். உவன்ர பாக்குக்குள்ளதான் கிடந்தது," என்றான் நிசாந்தன். "பொலிசுக்கு அடிச்சிட்டன். பதினொரு மணிக்கு வருகினம்."

"மற்றப் பேனை?"

"வித்திருப்பான்."

"எட்டரை மணிக்குள்ள? மைனஸ் பதினாறில? யாருக்கு?"

நிசாந்தன் கோபம் நிறைய வைத்திருந்தான். கோப்பிக்கடையில் சீனி களவு போகிறது என்றான். பின் படிக்கட்டில் படுத்துக் கிடந்த மரியோவைத் தானே இரண்டு தரம் எழுப்பிவிட்டதாகச் சொன்னான். கிளினிக் இப்படி ஆட்களைக் கூட்டி வைத்தால் மற்றக் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டான்.

மரியோவுக்கு அறுபத்தொரு வயது, சுவருக்குச் சாந்து பூசுகிற வேலைக்காரன். ஸ்காபரோவில் பாதி வீடுகளின் நிலவறைச் சுவர் தன் கைபட்டது என்று சொல்லிக்கொள்வான். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனது. முதுகோடு வேலை போனது. வேலையோடு வீடு போனது. இரவில் ஒரு தேவாலய மண்டபத்தில் குளிருக்கு ஒதுங்குவான். பகலில் ஹீற்றருக்குப் பக்கத்து நாற்காலி. மூன்று வருட அலைச்சலுக்குப் பிறகு இன்று பின்னேரம் இரண்டு மணிக்கு அவனுக்கு ஓர் அறையின் சாவி கொடுக்கப் போகிறார்கள். அந்தக் கட்டிடத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: களவு வழக்கு என்று காற்று வீசினாலே சாவி வரிசையில் அடுத்தவனுக்கு.

ஆக, அவளிடம் இரண்டே கால் மணித்தியாலம் இருந்தது. ஒரு மனிதனுக்குக் கதவும் கூரையும் கிடைக்குமா, இல்லையா என்பது அதற்குள் முடிவாக வேண்டும்.

காத்திருந்த நோயாளிகளிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு நுஸ்லா ரம்ஸியாவைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள்.

"காலையில யார் யார் உள்ள இருந்த?"

"யாரும் இல்ல டொக்டர். மரியோ மட்டுந்தான்."

"நீங்க முழு நேரமும் மேசையில இருந்தீங்களா?"

"எங்க? வாசல் படியெல்லாம் ஐஸ். வயசான ஆக்கள் வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்ற? தியாகு அங்கிள்ட பிரஷ்ஷ வாங்கித் தட்டி, உப்புப் போட்டுட்டு வந்த. பத்து நிமிஷம் போயிருக்கும். அதுக்குள்ளதான் இந்த மனிசன் வேலையக் காட்டியிருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "நான் பாவம் எண்டு ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடுத்தது."

சாவி எங்கே இருக்கும் என்று மரியோவுக்குத் தெரியுமா என்று நுஸ்லா கேட்டாள். மேசைக்கு எதிரே உட்காருகிற எல்லோருக்கும் தெரியும் என்றாள் ரம்ஸியா. கலண்டரைத் தூக்குவதை அவர்கள் தினம் பார்க்கிறார்கள்.

அதுவும் உண்மைதான். நுஸ்லா பிறிட்ஜைத் திறந்தாள். மேல் தட்டில் தடுப்பூசிகள். ஒரு பெட்டியே ஆயிரம் டொலருக்குக் குறையாது. தொடவில்லை. அடுத்த தட்டில் நாளுக்கு ஒரு தரம் போடுகிற இன்சுலின், ஒரு பெட்டி நிறைய. தொடவில்லை. கீழே, சாப்பாட்டு இன்சுலினில் மட்டும் ஐந்தில் இரண்டு. மிஞ்சிய மூன்றும் ஒரே பக்கம் தலை வைத்து ஒழுங்காக அடுக்கியிருந்தன.

இது என்ன களவு? கடையை உடைக்கிறவன் பட்டுப்புடவைக் கட்டை விட்டுவிட்டு இரண்டு முழம் வேட்டியை அளந்து வெட்டிக்கொண்டு, மிச்சத்தை மடித்தும் வைத்துவிட்டுப் போவானா? இவன் பூட்டியும் விட்டிருக்கிறான். சாவியைத் திரும்பத் தொங்கவிட்டும் இருக்கிறான். எடுத்தவன் விற்க எடுக்கவில்லை, உடுக்க எடுத்திருக்கிறான். தன் அளவு தெரிந்து எடுத்திருக்கிறான்.

மரியோவுக்குச் சீனி வியாதி கிடையாது.

பையிலிருந்து எடுத்த பேனையை அவள் யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முக்கால்வாசிக்கு மேல் மருந்து இருந்தது. இந்த வகை இன்சுலின் கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். இதிலோ அரிசிமாத் தூள்போல ஏதோ மிதந்தது. நடுவில் விரல்நக நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழி. அவள் அதை மெல்லச் சரித்தாள். தூள் நகர்ந்தது.

"ரம்ஸியா, இந்த மாதம் பிறிட்ஜ் மணி அடிச்சதா?"

இல்லை என்றாள் ரம்ஸியா. குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் அந்த மணி பிளாசா முழுவதையும் எழுப்பும். ஒருநாளும் அடித்ததில்லை.

அப்படியானால் இந்தப் பேனை அந்தப் பிறிட்ஜில் இருந்ததல்ல. இது ஒருமுறை கட்டியாக உறைந்து, பிறகு உருகிய மருந்து. உறைந்த இன்சுலினும் பச்சைத் தண்ணீரும் ஒன்று. களவு போனது இரண்டு. பையில் கிடைத்தது மூன்றாவது. நிசாந்தன் கையில் பிடித்திருந்த சாட்சியத்துக்கும் களவுக்கும் சம்பந்தமே இல்லை. இதைப் பொலிசுக்குச் சொல்லலாம். ஆனால் 'இவன் இல்லை' என்பது பாதி விலை. 'அப்படியென்றால் யார்' என்று அவர்கள் உடனே மீதியைக் கேட்பார்கள்.

மரியோவைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"இது யாருடையது?"

"வைத்திருக்கச் சொன்னார்கள். என் கோட்டுக்குள் சூடாக இருக்கும் என்று."

"யார்?"

மரியோ தன் பூட்ஸைப் பார்த்தான்.

"மரியோ, இரண்டு மணிக்கு உனக்குச் சாவி. நீ பெயரைச் சொன்னால் கிடைக்கும்."

"கிடைக்கும். பிறகு அந்த அறைக்குள் என்னோடு நான்தானே இருக்க வேண்டும்." பூட்ஸிலிருந்து கண்ணை எடுத்தான். "ஒருத்தன் எங்கே படுக்கிறான் என்று இன்னொருத்தன் சொல்வதில்லை, டொக்டர். வெளியே எங்களுக்கு இருக்கிற ஒரே பூட்டு அதுதான்."

பேசாமலிருக்க முயன்றதிலேயே அவன் பாதியைச் சொல்லிவிட்டான். மருந்துக்குச் சொந்தக்காரன் எங்கோ படுக்கிறான். அது சொல்லக்கூடாத இடம்.

ஒன்பதே கால். நுஸ்லா கணினியின் முன் உட்கார்ந்தாள். வீடில்லாத நோயாளிகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிவப்புக் கொடி வரும்படி அவளே ஏற்பாடு செய்திருந்தாள். கொடி இருந்தால் அந்த ஆளுக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும். மருந்தை இங்கே வைத்துக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதங்கள் கிளினிக் விலாசத்துக்கே வர வேண்டும். உதவிக்கு நட்ட கொடிதான். இன்று காலை அதே கொடி, விரல் நீட்டுகிறவனுக்கு வழிகாட்டிக் கொடுத்திருந்தது.

கொடி உள்ளவர்களில் சாப்பாட்டு இன்சுலின் போடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் போன கிழமையிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில். மற்றவர் ஒரு பெண். பிறம்ரனில் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு மாதம். ஆக, ஒருவரும் இல்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். குளிருக்குள் படுக்கிறவன். இன்சுலின் போடுகிறவன். கலண்டருக்குப் பின்னால் இருக்கும் சாவி தெரிந்தவன். கொடி இல்லாதவன். அப்படி ஒருவன் தன்னுடைய நோயாளிகளில் இருந்தால், அவனுக்கு வீடு இருக்கிறதென்று எழுதி வைத்தது யார்? அவளே.

கதவைத் தட்டிக்கொண்டு ரம்ஸியா எட்டிப் பார்த்தாள். வெளியே நோயாளிகள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றாள். பிறகு கையிலிருந்ததைச் சுவரில் சாத்தினாள்.

"இத இங்க வைக்கிறன். தியாகு அங்கிள் மறந்திட்டுப் போயிட்டாரு. வாசல்ல கிடந்தா யாரும் எடுத்துக்குவாங்க."

ஒரு பக்கம் குஞ்சம், மறுபக்கம் ஐஸ் சுரண்டும் தகடு, நடுவில் ஒரு கை நீளப் பிடி. காரின் கண்ணாடியில் படிந்த பனியைத் தட்டுகிற பிரஷ். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இது உண்டு. அதனால்தான் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

நுஸ்லா பார்த்தாள்.

"ரம்ஸியா. தியாகு அங்கிள் எதில வாற?"

"ரெயின்லதான். பிக்கரிங்ல இருந்து. மகன்ட வீடு." ரம்ஸியாவுக்கு இதில் என்ன கேள்வி என்று விளங்கவில்லை. "தினமும் அவருதானே முதல் ஆள்."

"ரெயின்ல வாற மனிசனுக்கு இது எதுக்கு?"

ரம்ஸியா பிரஷ்ஷைத் திரும்பிப் பார்த்தாள்.

தியாகலிங்கம் அங்கிளைத் தெரியாதவர் அந்தக் கிளினிக்கில் இல்லை. எழுபத்திரண்டு வயது. கோடையோ பனியோ, கழுத்தில் முடிச்சுப் போட்ட ரை. வருமான வரிப் படிவம் நிரப்பத் தெரியாத புதுக் குடும்பங்களுக்குக் காத்திருக்கும் அறையின் மூலையில் உட்கார்ந்து சும்மா நிரப்பிக் கொடுப்பார். கிளினிக்கின் நாற்காலி மேசைபோல அவரும் ஒன்று. 'யார் உள்ளே இருந்தது' என்று கேட்டால் நாற்காலியை யாராவது கணக்கில் சொல்வார்களா?

"நீங்க படி தட்டப் போன நேரம் அவர் எங்க இருந்த?"

"மேசையில." ரம்ஸியாவின் குரல் இறங்கிவிட்டது. "போன் வந்தா எடுங்க அங்கிள் எண்டு நான்தான் இருக்க வெச்ச. ஆனா டொக்டர், அவரு..."

நுஸ்லாவின் தலைக்குள் துணிக்கட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருந்தன. காலையில் காரை நிறுத்தியபோது அவர் பார்க்கிங்கைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். தேத்தண்ணி குடிக்கப் போவதாகச் சொல்லிக் கை உயர்த்தினார். சேர்ட்டின் கொலர் கத்திபோல நின்றது. ஆனால் கோட்டின் முதுகு, கசக்கி எறிந்த கடதாசி. துணிக்கடைக்காரன் மகளுக்கு அது கண்ணில் பட்டது; டொக்டருக்கு அவசரம். இரவு முழுவதும் உட்கார்ந்தபடி சாய்ந்து தூங்குகிறவனுக்குத்தான் முதுகு மட்டும் கசங்கும். தை மாதம் அவருடைய கணுக்கால் வீங்கியிருந்தது. இதயமோ என்று பயந்து அவள் நீர் போகிற குளிசை கொடுத்தாள். "இது இரவில வசதிப்படாது, பிள்ளை," என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கால் தொங்கவிட்டுத் தூங்கினால் யாருக்குத்தான் வீங்காது?

பிறகு, சீனி. மாரி தொடங்கியதிலிருந்து அவருடைய சீனி ஏறிக்கொண்டே போனது. லட்டு, பூந்தி என்று அவரைப் பகிடியாக ஏசி, அவள் இன்சுலின் அளவைக் கூட்டினாள். இறங்கவில்லை. திரும்பவும் கூட்டினாள். இப்போது அவர் போட வேண்டியது பழைய அளவில் இரண்டு மடங்கு. மருந்து அவர் இரவில் படுக்கிற காருக்குள் உறைந்து செத்துப்போயிருந்தது. செத்த மருந்துக்கு அவள் அளவு கூட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அவர் கையில் இருப்பது உயிருள்ள மருந்து.

நுஸ்லா எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. அவசரப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே மரியோவிடம் போனாள்.

"பெயர் எனக்குத் தெரியும். அதை நீ சொல்லவில்லை. உன் பூட்டு பத்திரம். ஆனால் அந்தக் கார் எங்கே நிற்கிறதென்று எனக்குத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்த அளவை நல்ல மருந்தில் போட்டிருந்தால், ஒரு மணித்தியாலத்தில் அவருக்கு நினைவு தப்பும். அந்த ஒரு மணித்தியாலம் முடியப் போகிறது."

மரியோ அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு முதுகு நோகிறவன் என்பதையே மறந்தவன்போல எழுந்து நடந்தான். சந்தேகம் தீராத நிசாந்தன், கள்ளன் தப்புகிறான் என்று பின்னாலேயே வந்தான்.

பிளாசாவின் பின்பக்கம், குப்பைத்தொட்டிகளுக்கு அப்பால், சுவரைப் பார்த்தபடி ஒரு பழைய கோறோலாக் கார். கூரையில் பனி இல்லை. யாரோ சுத்தமாகத் தட்டியிருந்தார்கள். கண்ணாடிகளில் உள்பக்கம் மூச்சு உறைந்து வெள்ளையாக இருந்தது. பின் சீற்றில் ஹங்கரில் மூன்று சேர்ட், தோய்த்து இஸ்திரி போட்டவை. முன் சீற்றைச் சாய்த்துப் படுத்திருந்தார் தியாகலிங்கம். ரை கட்டியிருந்தது. மைனஸ் பதினாறில் அவருடைய முகத்திலிருந்து வியர்வை ஒழுகியது. மடியில் பாதி கடித்த பனிஸ்.

நிசாந்தன் கதவை இழுத்தான். பூட்டு. கண்ணாடியை உடைக்கக் கல் தேடினான். மரியோ அவனை மெல்ல விலக்கிவிட்டுத் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றினான். தொப்பியின் மடிப்புக்குள்ளிருந்து அந்தக் காரின் இரண்டாவது சாவியை எடுத்துத் திறந்தான்.

"நாலாம் கட்டம் பிழை," என்று முனகினார் தியாகலிங்கம். "அதில கூட்டித் திருப்பிப் போடவேணும்..."

யாருடைய வரிப் படிவத்தையோ கனவில் திருத்திக்கொண்டிருந்தார். நுஸ்லா அவர் விரலில் குத்தி இரத்தத்தில் சீனியைப் பார்த்தாள். இரண்டு புள்ளி இரண்டு. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. அவள் பெட்டிக்குள் கை விடும் முன்னமே மரியோ தன் சட்டைப்பையிலிருந்து சீனிப் பொட்டலங்களை உருவிக் கிழித்துவிட்டிருந்தான். விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, அவள் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். கோப்பிக்கடையில் களவு போன சீனி எங்கே போனதென்று நிசாந்தன் தன் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான்.

பத்து நிமிடத்தில் மூன்று புள்ளி எட்டு. இன்னும் பத்து நிமிடத்தில் ஐந்து. தியாகலிங்கம் கண்ணைத் திறந்து, முதலில் தன் ரையைச் சரிசெய்தார்.

பதினொரு மணிக்கு இளம் கான்ஸ்டபிள் ஸ்டெபனி வந்தபோது, கிளினிக்கின் சிறிய அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தியாகலிங்கத்தின் கையில் சோறு, பருப்பு. ரம்ஸியாவின் மத்தியானச் சாப்பாடு. நுஸ்லா சுருக்கமாகச் சொன்னாள். பையில் இருந்த பேனை இந்தப் பிறிட்ஜில் இருந்ததல்ல. இதோ உறைந்த தூள். இரண்டு பேனையை எடுத்தவன் தன் நோய்க்கு அளவாக எடுத்து, பூட்டி, சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறான். மேசையில் தனியே விடப்பட்டிருந்தவன் அவன். ரயிலில் வருவதாகச் சொல்லிக் கார்ப் பிரஷ்ஷோடு வந்தவன் அவன்.

"எடுத்தது தியாகலிங்கம்," என்றாள். "யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அவர் கோப்பில் ஒரு நல்ல விலாசம் இருந்தது. மரியோவை எல்லோரும் சந்தேகப்பட்டோம், ஏனென்றால் அவன் கோப்பில் உண்மை இருந்தது."

தியாகலிங்கம் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "ஓம். நான்தான் எடுத்தனான்," என்றார். "இவரைப் பிடிச்சது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பன்."

மகன் அபிஷன் இலையுதிர் காலத்தில் பிக்கரிங் வீட்டை விற்றுவிட்டு வேலைக்காகக் கல்கரி போய்விட்டான். தகப்பனையும் கூப்பிட்டான். "நான் இஞ்ச ரூம் எடுத்திட்டன் எண்டு சொன்னனான். நம்பிட்டான். நான் சொன்னதை நம்பவேணும் எண்டுதானே வளத்தனான்." ரூம் வாடகை கேட்ட இடமெல்லாம் பென்சனைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று மாத இன்சுலின் முழுவதும் காருக்குள் உறைந்தது. மருந்துக்கடையில் காலத்துக்கு முன் திரும்பத் தர மாட்டார்கள்; டொக்டரைக் கேட்க வேண்டும். டொக்டர் ஏன் என்று கேட்பாள். "அதுக்குப் பதில் சொல்லுறதை விட, களவெடுக்கிறது லேசாக் கிடந்தது, பிள்ளை."

ஸ்டெபனி நுஸ்லாவைப் பார்த்தாள். முறைப்பாடு யாருடையது என்று கேட்டாள்.

அந்தப் பேனைகள் பிறிட்ஜ் இல்லாத நோயாளிகளுக்கென்றே வைத்தவை, அவற்றில் இரண்டு அப்படியான நோயாளி ஒருவருக்குப் போயிருக்கிறது, முறைப்பாடு செய்ய ஒன்றுமில்லை என்றாள் நுஸ்லா. எல்லோரும் நிசாந்தனைப் பார்த்தார்கள். அவன் சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கிவிட்டு, தனக்கும் இல்லை என்றான். ஸ்டெபனி கையுறையை மாட்டிக்கொண்டாள். போகிற வழியில் மரியோவின் புதுக் கட்டிடத்துக்குத் தானே போன் அடித்து, இன்று நடந்ததில் அவனுக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னதாகப் பிறகு தெரியவந்தது.

ஸ்டெபனியும் நிசாந்தனும் போன பிறகு நுஸ்லா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அட்ரஸ் என்ன எழுத, அங்கிள்?"

"உங்களிட்டைக் கிடக்குத்தானே. பிக்கரிங்."

"அந்த வீட்டில இப்ப வேற ஆக்கள் சமைக்கிறாங்க."

"அப்ப, மகனோடை எண்டு போடுங்கோ. கல்கரி."

"கல்கரியில இருந்து தினம் விடிய வந்து படி தட்டினீங்களா? இந்த விலை கட்டாது அங்கிள்."

அவர் யோசித்தார். "சிநேகிதரோட தங்கியிருக்கிறார்?" என்று இழுத்து, வாசலில் நின்ற மரியோவைப் பார்த்தார். தமிழ் விளங்காவிட்டாலும் பேரம் விளங்கிய மரியோ, மாட்டேன் என்று தலையாட்டினான்.

"வீடில்லை," என்றாள் நுஸ்லா. "என்ட விலை அதுதான்."

"பிள்ளை, இந்த ஊரில எத்தினை குடும்பத்துக்கு நான் விலாசம் எழுதிக் குடுத்தனான்." ரையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "கடைசியில எனக்கு இல்லையெண்டு எழுதுறதோ?"

பிக்கரிங் என்று இருந்தால் இந்த நாட்டுக் கணினிக்கு அவர் வீட்டுக்காரர் என்று அவள் விளக்கினாள். அறைக்கு வரிசையில் இடமில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தாலும் 'வீட்டுக்குப் போகலாம்' என்று காருக்குத்தான் அனுப்புவார்கள். தானும் சீனி ஏன் ஏறுகிறதென்று தெரியாமல் மருந்தைக் கூட்டிக்கொண்டே இருப்பேன் என்றாள். "புண்ணுக்கு மேல பட்டுத் துணி போத்தி வெச்சிருக்கிறீங்க, அங்கிள். துணி நல்ல துணிதான். ஆனா மருந்து கட்ட ஏலாது."

தியாகலிங்கம் நீண்ட நேரம் கணினித் திரையைப் பார்த்தார். வரிப் படிவத்தில் கடைசிக் கையெழுத்துப் போடும் முன் பார்ப்பதுபோல.

"முன்னால 'தற்போதைக்கு' எண்டு ஒரு சொல் போடுவியளோ?"

மஃரூப் ஹாஜியார் விலையில் ஒரு சதம் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் விலை முடிந்து கத்தரிக்கோலை வைக்கும்போது, அளந்த கோட்டுக்கு அப்பால் ஒரு விரற்கடை தள்ளித்தான் வெட்டுவார். வாங்கினவன் தோற்றதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்பார்.

"போடலாம்," என்றாள் நுஸ்லா. தட்டினாள்: தற்போதைக்கு வீடில்லை. பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடி ஏறியது. பழைய இன்சுலின் அளவை அவள் திரும்ப எழுதினாள். தேவாலய மண்டபத்தில் இன்றைக்குக் காலியாகிற மரியோவின் கட்டிலை அவருக்குச் சொல்லி வைத்தாள்.

இரண்டு மணிக்கு மரியோ சாவி வாங்கப் போனான். நிசாந்தன்தான் காரில் கொண்டுபோய் விட்டான்.

பின்னேர நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் 'விலாசம் மாறியதா' என்று ரம்ஸியா கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியை இனி விடுங்கள் என்று நுஸ்லா சொல்லியிருந்தாள். கணினி கேட்பதை வேண்டுமானால் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். முதலில் வேறொன்றைக் கேளுங்கள்.

"நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?"

முதலில் வந்த புனிதவதி அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. இதென்ன வேண்டாத கதை என்றார். அடுத்து வந்தவர் சிரித்தார். மனிசியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, சோபாவிலை என்றார். மூன்றாவதாக வந்தது ஓர் இளம் தாய். நல்ல கோட்டு, கையில் குழந்தை, கோப்பில் மோர்னிங்சைட் விலாசம் அழகாக இருந்தது.

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு, கதவைக் கொஞ்சம் சாத்தலாமோ என்று கேட்டாள்.